சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும்

"சேவல் இல்லாத வீட்டில் கோழி முட்டையிடாது" என்ற செய்தி மலையகத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி, நெருக்கமான லயத்து வரிசை வீடுகளில் சேவலை வாங்கி விட்டு, விடியுமுன்பே அது கூவுவதால் பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபப்படுவது வீண் வேதனை.

பருவமடைந்த பெட்டையின் உடலில் முட்டை தானாகவே உருவாகிறது. ஒரு முட்டை முழுமையடைய ஏறக்குறைய 25 மணி நேரம். அதில் பெரும்பகுதி ஓடு உருவாகவே செலவாகிறது. சேவல் தேவைப்படுவது குஞ்சுக்கு மட்டும்தான். சேவலோடு சேராத கோழியின் முட்டையை அடை வைத்தால் 21 நாள் கழித்தும் குஞ்சு வராது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்: கருவுள்ள முட்டையில் சிலந்தி போல ரத்தக் குழாய்கள் தெரியும், கருவில்லாதது வெறும் வெளிச்சமாக இருக்கும்.

அப்புறம் ஏன் முட்டை நிற்கிறது? இறகு உதிர்க்கும் காலமாக இருக்கலாம், குடற்புழுவாக இருக்கலாம், அடைக்கு உட்காரும் குணமாகவும் இருக்கலாம். நம் ஊர் மழையில் நனைந்து கிடக்கும் கூடு கோழிக்கு நோயைத்தான் தரும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, காய்ந்த மரத்தூள் போடுங்கள். கீரி புகாதபடி கம்பிவலையும் அடியுங்கள். ஓடு மெலிந்தால், முட்டை ஓட்டை நன்றாகக் காயவைத்து, பொடித்துத் தீனியில் கலக்கலாம்.

குஞ்சு பொரிக்கும் ஆசை இருந்தால் சரி, சேவல் வளர்க்கலாம். காலையில் கூட்டுக்குள் கைவிட்டுச் சூடான முட்டை எடுக்கும் சந்தோஷத்துக்குப் பெட்டைகளே போதும்.