கறுப்பர் நின்றால் கறுப்பர் ஓட்டா?

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் அமெரிக்கத் தேர்தல் பேச்சு வந்தால் நண்பர் ஒருவர் தவறாமல் ஒரு வரி போடுவார்: "கறுப்பர் நின்னா கறுப்பர்கள் கண்ணை மூடிக்கிட்டுக் குத்துவாங்க. ஒபாமா ஜெயிச்சதே அப்படித்தான்." போன வாரமும் போட்டார். குரூப்பில் சண்டை வேண்டாம் என்று இங்கே எழுதுகிறேன். அவர் இங்கேயும் எட்டிப் பார்ப்பார் என்று தெரியும்.

முதலில் கணக்கு. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கருத்துக்கணிப்புகளின்படி, 2008இல் ஒபாமாவுக்குக் கறுப்பின மக்களின் ஓட்டில் 95 சதவீதம் விழுந்தது. நண்பர் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு நாலு வருஷம் முன்னால் அதே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு விழுந்தது 88. கெர்ரி வெள்ளைக்காரர், வசதியான வீட்டு மனிதர். 2020இல் பைடனுக்கு 87. 2024இல் அப்பா வழியில் கறுப்பினத்தவரான கமலா ஹாரிஸுக்கு அதைவிட ஓரிரு புள்ளி குறைவு. நிறம்தான் எல்லாம் என்றால் கமலா பைடனைத் தாண்டியிருக்க வேண்டாமா?

நாலு பேரும் ஜனநாயகக் கட்சி. இது கட்சி ஓட்டு. 1964இல் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அந்தக் கட்சியின் அதிபர் ஜான்சன். அந்த வருஷம் அவரை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர், செனட்டில் அதே சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவர். அதன் பிறகு கறுப்பின ஓட்டு குடியரசுக் கட்சிப் பக்கம் பெரிதாகத் திரும்பவே இல்லை. 2006இல் மேரிலாந்து செனட் தேர்தலில் அந்தக் கட்சி மைக்கேல் ஸ்டீல் என்ற கறுப்பினத்தவரை நிறுத்திப் பார்த்தது. கறுப்பின வாக்காளர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் எதிரே நின்ற வெள்ளைக்காரருக்குப் போட்டார்கள்.

சரி, எண்களை விடுங்கள். நான் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது.

2007இல் நான் அயோவா மாநிலத்தில், டி மாயின் நகரத்தில், ஒரு இன்சூரன்ஸ் ப்ராஜெக்டில் இருந்தேன். என் டீமில் ஐம்பது வயது தாண்டிய கறுப்பின அம்மா ஒருவர். சொந்த ஊர் தென் கரோலினா. அந்த வருஷம் முழுக்க, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆக ஒபாமாவோடு போட்டி போட்ட ஹிலாரி கிளின்டன் பக்கம்தான். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை. "நல்ல பிள்ளை. ஆனால் வெள்ளைக்காரர்கள் போடமாட்டார்கள். நான் எதற்கு என் ஓட்டை வீணாக்க?" என்பார். அவர் மட்டுமில்லை. 1965இல் கறுப்பர்களின் ஓட்டுரிமை ஊர்வலத்தில், செல்மா பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்த கறுப்பினத் தலைவர் ஜான் லூயிஸே அப்போது ஹிலாரி பக்கம் நின்றவர். 2008 பிப்ரவரியில்தான் மாறினார்.

2008 ஜனவரி 3 ராத்திரி, காதை அறுக்கும் குளிரில், அந்த அம்மா என்னையும் காக்கஸுக்கு, அதாவது கட்சிக்காரர்கள் கூடித் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு, வேடிக்கை பார்க்க அழைத்துப் போனார். அயோவா ஜனநாயகக் கட்சியில் அன்று வாக்குச்சீட்டெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு ஹாலில் வேட்பாளருக்கு ஒரு மூலை. யாருக்கு ஆதரவோ அந்த மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். 15 சதவீதம் தேறாத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். எங்கள் ஹாலில் ஜோ பைடன் பக்கம் ஏழு பேர் நின்றார்கள் (ஆமாம், பின்னாளில் அதிபரான அதே பைடன்). தேறவில்லை என்றதும் நாலாபக்கமும் அவர்களைக் கூப்பிட்டார்கள். ஒருவர் பிஸ்கட் டப்பாவை ஆட்டிக் காட்டினார். ஏழில் நாலு பேர் ஒபாமா மூலைக்கு நடந்தார்கள். அத்தனை பேரும் நரைத்த தலை வெள்ளைக்காரர்கள்.

அந்த அம்மா ஹிலாரி ஸ்டிக்கரைக் கோட்டில் ஒட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். ஒபாமா மூலை நிரம்பி மேசைகளைத் தள்ளிப்போட ஆரம்பித்ததும் ஸ்டிக்கரை உரித்து மடித்துக் கைப்பையில் வைத்தார். என்னிடம் எதுவும் சொல்லாமல் நடந்து போய் அங்கே நின்றார்.

திரும்பும்போது காரிலிருந்து ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்கு போன் போட்டார். அந்தப் பாட்டி யார் ஜெயித்தது என்றுகூடக் கேட்கவில்லை. "வெள்ளைக்காரங்க நின்னாங்களா? நீ கண்ணால பார்த்தியா?" இதையே மூன்று தடவை கேட்டார். 23 நாள் கழித்து தென் கரோலினாவில் இதே கட்சி வேட்பாளருக்கான தேர்தல். கறுப்பின மக்களில் 78 சதவீதம் ஒபாமாவுக்கு. நிறத்துக்காகப் போடுவதென்றால் அந்தப் பாட்டி 2007லேயே முடிவு செய்திருக்கலாம். ஒபாமாவின் நிறம் அப்போதும் அதேதான்.

பாட்டியின் சந்தேகம் வெறும் பயமில்லை. 1982இல் கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் டாம் பிராட்லி கருத்துக்கணிப்பில் முன்னால் இருந்துவிட்டுத் தோற்றார். வெள்ளையர்கள் வாயில் ஒன்று, சீட்டில் ஒன்று என்ற பேச்சு அப்போது பிறந்தது. அயோவாவுக்கு ஐந்தாம் நாள் நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா தோற்றதும் அதே பேச்சு மறுபடி கிளம்பியது. ஆனால் அங்கே அவருக்குக் கணிப்புகள் சொன்ன அளவு ஏறத்தாழ அப்படியே விழுந்தது. எகிறியது ஹிலாரியின் எண்.

வெள்ளையர் ஓட்டு ஒரே மாதிரி நடந்துகொண்டது என்றும் சொல்ல முடியாது. அதிபர் தேர்தலில் நாடு முழுக்க வெள்ளையர் ஓட்டில் கெர்ரிக்கு 41 சதவீதம், ஒபாமாவுக்கு 43. 1964க்குப் பிறகு ஜனநாயகக் கட்சியே ஜெயிக்காத வர்ஜீனியாவும் இண்டியானாவும் அவருக்கு விழுந்தன. அலபாமாவில் கதை வேறு. கெர்ரிக்கு 19 சதவீத வெள்ளையர் போட்ட இடத்தில் ஒபாமாவுக்கு 10. அந்தப் பாதி எங்கே போயிற்று என்று நண்பர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒபாமாவுக்கு முன்னால் அதிபராக இருந்த 42 பேரும் வெள்ளையர். அவர்களுக்கு விழுந்த ஓட்டை யாரும் நிற ஓட்டு என்று சொல்வதில்லை.

அப்புறம் அதே அயோவா. ஹோவர்ட் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று ஒன்று உண்டு, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் இடம். 2012இல் ஒபாமாவை சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. 2016இல் டிரம்ப்பை அதே சுமார் 20 புள்ளியில். அங்கே இனவெறியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கறுப்பருக்கு ஓட்டுப் போட்டவர் மனசிலும் அது இருக்கலாம். பண்ணைக் கடனும் ஆஸ்பத்திரி பில்லும் நெருக்கும்போது அந்தக் கை எங்கே போகும் என்பதை நிறத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. எனக்கு இதில் தெளிவு வந்துவிட்டதென்றும் இல்லை.

கடைசியாக நண்பருக்கு ஒன்று. 2024இல் கமலா வேட்பாளர் ஆனபோது, மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில், அவருடைய தாத்தா ஊர்க் கோயிலில் சிறப்புப் பூஜை நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? நன்கொடையாளர் கல்வெட்டில் கமலாவின் பேர் இருக்கும் அதே கோயில். அந்தப் படத்தை நம் குரூப்பில் போட்டு "நம்ம ரத்தம்டா, ஜெயிக்கணும்" என்று எழுதியது யார் என்று மேலே தள்ளிப் பாருங்கள். கமலாவின் ஒரு கொள்கைகூட நம் யாருக்கும் தெரியாது.

அதற்கு முதல் ஹார்ட் போட்டது நான்தான்.