ஆகஸ்டில் நழுவிய பந்தை வைத்து ஒரு ரிசீவரை எடை போடாதீர்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) ரசிகர்களுக்குள் வருடா வருடம் இதே சண்டைதான். பயிற்சி முகாமிலிருந்து பத்து நொடி வீடியோ ஒன்று வரும். புது ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) ஒற்றைக் கையில் பந்தைப் பிடித்திருந்தால் அவர்தான் அடுத்த ஜெர்ரி ரைஸ், ரிசீவர்களின் ஜாம்பவான். நழுவவிட்டிருந்தால், டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) முதல் சுற்றுத் தேர்வே வீண் என்று கழுவி ஊற்றுவார்கள். இரண்டு தரப்பும் பார்ப்பது பந்து கைக்கு வரும் கடைசி அரை நொடியை மட்டும். அதற்கு முந்தைய இரண்டரை நொடியில் அந்தப் பையனின் கால்கள் என்ன செய்தன என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என் வருத்தமெல்லாம் அதுதான்.

2021 ஆகஸ்டில் சின்சினாட்டியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய நவம்பரில்தான் அந்த ஊர் அணியான பெங்கால்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜோ பர்ரோவின் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அவரைக் காக்க முன்வரிசையில் ஒரு நல்ல டேக்கிள் வேண்டும், 5ஆவது தேர்வில் பெனே சூவெல்லை எடுங்கள் என்று பாதி ஊர் கேட்டது. பெங்கால்ஸ் எடுத்ததோ ரிசீவர் ஜமார் சேஸை. 2019இல் எல்எஸ்யு கல்லூரி அணியில் இதே பர்ரோவிடமிருந்து 84 கேட்ச், 1780 யார்டு, 20 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) எடுத்தவர். ஆனால் 2020 சீசன் முழுக்க ஆடாமல் விலகி இருந்தார். ப்ரீசீசனில் (சீசனுக்கு முந்தைய முன்னோட்ட ஆட்டங்கள்) இறங்கியதும் நேராகக் கைக்கு வந்த பந்துகளையே நழுவவிட ஆரம்பித்தார். உடனே "அப்பவே சொன்னோமே" கச்சேரி தொடங்கிவிட்டது.

சேஸ் சொன்ன காரணம் பந்து. கல்லூரிப் பந்தின் இரு முனைக்கும் அருகே வெள்ளைப் பட்டை இருக்கும். பந்து சுழன்று வரும்போது அந்தப் பட்டை கண்ணுக்குப் பிடிபடும், முனை எங்கே இருக்கிறது என்று கணிக்கலாம். என்எஃப்எல் பந்தில் அந்தப் பட்டை கிடையாது, முழுக்கப் பழுப்பு. இதைச் சாக்கு என்று கேலி செய்தார்கள். ஒன்றரை வருடத்துக்கும் மேல் நிஜ ஆட்டம் ஆடாத ஒருவருக்கு, கண்ணும் கையும் புதுப் பந்துக்குப் பழக நாள் பிடிக்கும் என்பது எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது. செப்டம்பர் 12, வைக்கிங்ஸுடன் முதல் ஆட்டம்: 5 கேட்ச், 101 யார்டு, அதில் ஒன்று 50 யார்டு டச்டவுன். சீசன் முடிவில் 81 கேட்ச், 1455 யார்டு, 13 டச்டவுன். சூவெல்லும் டெட்ராய்ட்டில் பிரமாதமாக ஆடுகிறார், அது வேறு கதை. தப்பு, நழுவிய நாலு பந்தை வைத்துத் தீர்ப்பு எழுதியதில் இருந்தது.

பந்து ஏன் நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பந்து கைக்குள் அடங்கும் முன்பே கண் அடுத்து ஓட வேண்டிய பக்கம் திரும்பிவிடும். இது பயிற்சியில் சரியாகும். இடுப்புக்கு மேல் வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர வேண்டும், கீழே வருவதற்குச் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். தாமதமாகக் கையை நீட்டினால் இந்த இரண்டும் குழம்பும். இதுவும் சரியாகும். எல்லாப் பந்தையும் கையை நீட்டாமல் மார்பில் அணைத்தே பிடிக்கிற பழக்கம் மட்டும் கவலைக்குரியது. அப்படிப் பிடிப்பவருக்கும் பந்துக்கும் நடுவே, அவரை மறிக்க நிற்கும் கார்னர்பேக் எளிதாகக் கையை விட்டுவிடுவார்.

இப்போது காலுக்கு வருவோம். எக்ஸ் எனப்படும் ரிசீவர், ஆட்டம் தொடங்கும் ஸ்க்ரிமேஜ் கோட்டின் மேலேயே நிற்க வேண்டியவர். கார்னர்பேக் ஒரு கை தூரத்தில் வந்து நின்று, பந்து நகர்ந்ததும் அவர் மார்பில் கை வைத்துத் தள்ளலாம். என்எஃப்எல்லில் முதல் 5 யார்டு வரை அதற்கு அனுமதி உண்டு. அந்த 5 யார்டிலிருந்து எப்படி விடுபடுகிறார் என்பதைத்தான் ரிலீஸ் என்கிறோம். ரீப்ளேயில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதல் காலடி முன்னோக்கி விழுகிறதா, இருக்கும் இடத்திலேயே தட்டாமாலை ஆடுகிறாரா? நீளும் கையைத் தட்டிவிட்டுத் தோளைச் சாய்த்து நுழைகிறாரா, அல்லது சுற்றிக்கொண்டு பக்கக் கோட்டை நோக்கி ஒதுங்குகிறாரா? கோட்டிலிருந்து சுற்றிப் போகும் ஒவ்வொரு யார்டும் ரூட்டை, அதாவது அவர் ஓட வேண்டிய பாதையை, பிந்த வைக்கும். குவாட்டர்பேக் பின்காலை ஊன்றி எறியும் நேரத்தில் ரிசீவர் இன்னும் திரும்பியிருக்கவே மாட்டார். டிவியில் அது "மோசமான பாஸ்" என்று தெரியும்.

அடுத்தது திருப்பம். 12 யார்டு ஓடி உள்பக்கம் வெட்டும் டிக் ரூட்டை எடுத்துக்கொள்வோம். நல்ல ரிசீவர் அந்த 12 யார்டும் நேர்க்கோட்டு ஓட்டம் போலவே, அதே வேகம், அதே கையசைவோடு ஓடுவார். கார்னர்பேக் பயந்து இடுப்பைத் திருப்பிப் பின்னால் ஓடத் தொடங்கும் கணத்தில் இவர் இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு மூன்று அடியில் நின்று வெட்டுவார். பழகாத பையன் திருப்பத்துக்கு நாலு அடி முன்பே உடம்பை நிமிர்த்திவிடுவார், குட்டி அடி வைப்பார், தலை குவாட்டர்பேக் பக்கம் திரும்பிவிடும். அனுபவசாலிக் கார்னருக்கு அது போதும், ரூட்டில் இவருக்கு முன்பே போய் நிற்பார்.

இதனால்தான் டிராஃப்டுக்கு முன் சோதனையில் எடுக்கும் 40 யார்டு ஓட்ட நேரத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. அதே பெங்கால்ஸ் 2017இல் 9ஆவது தேர்வாக ஜான் ராஸை எடுத்தது. 4.22 நொடி, அன்றைக்கு அதுவே சாதனை. முதல் சீசனில் அவருக்கு ஒரு கேட்ச்கூடக் கிடையாது. காயங்களும் அவரை விடவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், எல்லாப் பழியையும் அவர் மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் அந்த ஓட்டத்தில் கையால் தள்ளுவதற்கு ஆள் இல்லை, ஓடி நின்று திரும்புவது இல்லை.

கல்லூரியிலிருந்து வருபவருக்கு இன்னொரு சிக்கல் பக்கக் கோடு. அங்கே ஒரு கால் உள்ளே பட்டால் கேட்ச், இங்கே இரண்டும் பட வேண்டும். மூன்று நாலு வருடம் ஒரு காலுக்குப் பழகிய உடம்பு, இரண்டாம் காலை இழுத்துப் புல்லில் உரசக் கற்றுக்கொள்ள ஒரு சீசன்கூட ஆகலாம். முகாமில் ஒரு பையன் பக்கக் கோட்டருகே விழுந்து விழுந்து இதைப் பயிற்சி செய்கிறார் என்று செய்தி வந்தால் ஒற்றைக் கை கேட்சைவிட எனக்கு அதுதான் சந்தோஷம்.

ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சி வீடியோக்களை நம்பவே வேண்டாம். குவாட்டர்பேக்கைத் துரத்தும் பாஸ் ரஷ் இல்லை, பின்னால் காவல் நிற்கும் சேஃப்டியின் உதவி இல்லை, முழு மைதானமும் ரிசீவருக்குத் திறந்து கிடக்கிறது. அங்கே ரிசீவர் ஜெயிக்கத்தான் வேண்டும். ப்ரீசீசன் ஆட்டமும் அப்படியே. எதிரணி ரிசீவர்களை மறிக்கும் தன் கவரேஜ் தந்திரங்களை ஒளித்து வைத்திருக்கும், எதிரே நிற்பவர் பெரும்பாலும் இரண்டாம் அணி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி, ஆனால் அந்தச் சோறு அதே பானையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

ஒரு சீசனில் 1000 யார்டு எடுக்க வேண்டும் என்ற ஆசைக்குக் கொஞ்சம் கணக்கும் தேவை. ஒரு அணி ஆட்டத்துக்குச் சுமார் 35 பாஸ் எறிகிறது என்று வையுங்கள். அதில் கால் பங்கு ஒருவரைத் தேடிப் போனால் எட்டு ஒன்பது பந்து. நூற்றுக்கு 65 பிடித்து, கேட்சுக்கு 13 யார்டு எடுத்தால் 17 ஆட்டத்தில் 1250 தாண்டும். அதே பையன் இரண்டு மூத்த ரிசீவர்களுக்குப் பின்னால் நின்று 15 சதவீதம்தான் பெறுகிறார், குறுகிய ரூட்டுகளில் கேட்சுக்கு 11 யார்டு என்றால் கணக்கு 640க்குப் பக்கத்தில் நின்றுவிடும். சியாட்டிலில் மூத்த ரிசீவர்களாக மெட்காஃபும் லாக்கெட்டும் இருந்தபோது ஜாக்ஸன் ஸ்மித்-எஞ்சிக்பாவுக்கு 2023இல் கிடைத்தது 63 கேட்ச், 628 யார்டு. "20ஆவது தேர்வுக்கு இவ்வளவுதானா" என்றார்கள். 2024இல் லாக்கெட்டுக்குப் போன பந்துகள் குறைந்தன, இவர் 100 கேட்ச், 1130 யார்டு எடுத்தார்.

இரண்டாம் வருடம் சறுக்குபவர்களுக்காகவும் பேச வேண்டும். கிரீன் பே அணியில் 2015 ஆகஸ்டில் முதன்மை ரிசீவர் ஜோர்டி நெல்சனின் முழங்கால் போனது. அதுவரை எதிரணியின் சிறந்த கார்னரைச் சுமந்தவர் அவர். அந்தச் சுமை இரண்டாம் வருட ரிசீவர் டவான்டே ஆடம்ஸ் தலையில் விழுந்தது, கூடவே கணுக்கால் காயம். 50 கேட்ச், 483 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். அவரை விட்டுவிடச் சொன்ன ரசிகர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. 2016: 997 யார்டு, 12 டச்டவுன். பிறகு ரிலீஸ் என்றாலே அவர் வீடியோவைத்தான் இளம் ரிசீவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

நிஜமாகவே பயப்பட வேண்டியவையும் உண்டு. தொடைப் பின்தசை இழுத்து முகாமில் இரண்டு வாரம் போவது, நழுவிய பத்துப் பந்தைவிட மோசம். புது ஆட்டத் திட்டங்கள் அந்த நாட்களில்தான் சொல்லித் தரப்படுகின்றன, அவசரப்பட்டுத் திரும்பினால் மறுபடி இழுக்கும். எல்லா ஸ்னாப்பிலும் (பந்து நகர்ந்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும்) ஒரே ரிலீஸ் என்றால் கார்னர்கள் மூன்றாவது ஆட்டத்துக்குள் படித்துவிடுவார்கள். முதல் சுற்றில் வந்தவர் இரண்டாம் வருட ப்ரீசீசனில் நான்காம் குவாட்டர் வரை ஆடிக்கொண்டிருந்தால், பயிற்சியாளர்களுக்கு அவர் மேல் நம்பிக்கை வரவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் ரிசீவர் இரண்டாவது நொடியிலேயே திரையை விட்டு வெளியே போய்விடுவார். முடிந்தவர்கள் 22 பேரும் தெரியும் ஆல்-22 படத்தைப் பாருங்கள். முதல் நாலு வாரம் போகட்டும். அந்தப் பையன் எத்தனை ரூட் ஓடினார், அதில் எத்தனை முறை கார்னரிடமிருந்து விடுபட்டு நின்றார், எத்தனை முறை பந்து அவரைத் தேடி வந்தது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அப்போது பேசலாம், இரவு முழுக்க வேண்டுமானாலும் பேசலாம்.