மேலாள் அல்ல, மகன்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எனக்குப் பழக்கமான ஒரு ஆச்சி இருக்கிறார். அந்த வீட்டு இரண்டாம் கட்டுக்கு ஆத்தங்குடித் தரைக்கல் பதித்தது என் அப்பா. அந்தத் தொடர்பு அப்பா போன பிறகும் விட்டுப்போகவில்லை. ஆச்சியின் சாமி அறையில் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே வேளாங்கண்ணி மாதா படம் இருக்கும். போன மாதம் போயிருந்தபோது காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏத்தா, ஒங்க சேசு எங்க சாமி மாதிரி ஒரு சாமியா, இல்ல காந்தி மாதிரி ஒரு மகானா? ஒன்னு சொல்லு பாப்பம்."

அன்போடு கேட்ட கேள்வி. நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் மனசு உறுத்தியது. அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"இயேசு ஒரு நல்ல மகான், நல்ல போதகர்" என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நம் கிறிஸ்தவ ஆட்களே மேடையில் அப்படித்தான் பேசுகிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது, யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அது கிறிஸ்தவ விசுவாசம் இல்லை. பூசையில் பெரிய விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நம் வாயில் வருவது வேறு: "கடவுளினின்று கடவுளாக, ஒளியினின்று ஒளியாக... உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர். தந்தையோடு ஒரே பொருளானவர்." ரயில் வேகத்தில் சொல்லி முடிக்கிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் சிலர் நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள்.

சின்ன வயதில் அந்த 'உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்' எனக்குப் புரியவே இல்லை. அப்பாவிடம் கேட்டேன். பட்டறையில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த கலவையைத் தூவி, மேலே காரையை வைத்து அழுத்தினார். பிறகு சொன்னார்: "இந்தக் கல்ல நான் செஞ்சேன். எம்புட்டு அழகாச் செஞ்சாலும் கல்லு கல்லுதான், நான் ஆகாது. நீ நான் செஞ்சவ இல்லத்தா, எனக்குப் பொறந்தவ. மனுசனுக்குப் பொறந்தது மனுசன். கடவுளுக்குப் பொறந்தவரு?"

அப்பா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆயராக இருந்த அத்தனாசியுஸ் வாதாடியதும் சாரத்தில் இதுதான். செய்யப்பட்ட பொருள் செய்தவனின் இயல்பில் இராது, பிறந்தது பெற்றவரின் இயல்பில்தான் இருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு, அதை அப்பாவும் சொன்னார்: நமக்கு அப்பன் முந்தி, பிள்ளை பிந்தி. அங்கே முந்தியும் கிடையாது, பிந்தியும் கிடையாது. சூரியன் இருந்த அன்றைக்கே வெளிச்சமும் இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ஆரியுஸ். அதே அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்தவர். மகன் மிக உயர்ந்தவர்தான், உலகமே அவர் மூலம்தான் உண்டானது, ஆனாலும் அவரும் படைக்கப்பட்டவரே, 'அவர் இல்லாதிருந்த ஒரு காலம் இருந்தது' என்றார். 325-ல் நிக்கேயாவில் (இன்றைய துருக்கி) ஆயர்கள் கூடி அதை மறுத்தார்கள். நம் பிரமாணத்தின் 'உண்டாக்கப்பட்டவர் அல்லர்' அங்கே வந்ததுதான். 2025-ல் அதற்கு 1700 ஆண்டு நிறைந்தது.

இதில் என்ன பெரிய வித்தியாசம், உயர்ந்தவர் என்றுதானே இருவரும் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்தியது பெரும்பாலும் மேலாள்தான். முதலாளி ஊரில் இருப்பார். மூன்று வருடக் கணக்குக்குப் போகிற மேலாளுக்குப் பெட்டிச் சாவி, கொடுக்கல் வாங்கல், கையெழுத்து எல்லா அதிகாரமும் உண்டு. அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவர் சொன்னபடி நடப்பார்கள். ஆனால் கணக்கு முடிந்தால் ஊர் திரும்புகிற சம்பளக்காரர் அவர். கடை நொடித்தால் வலி முதலாளிக்கு.

ஆரியுஸ் சொன்ன கிறிஸ்து இந்த மேலாள். எல்லா அதிகாரமும் உள்ளவர், ஆனால் முதலாளி இல்லை. அப்படியானால் சிலுவையில் தொங்கியது யார்? கடவுள் தன்னை வருத்திக்கொள்ளாமல், தான் செய்த ஒருவரை அனுப்பி அடிவாங்க வைத்தார் என்றாகிவிடும். என்னால் அப்படி ஒரு கடவுள்மேல் அன்பு வைக்க முடியாது. இயேசுவே ஒரு கதை சொன்னார். திராட்சைத் தோட்டத்துக்காரர் குத்தகைக்காரர்களிடம் வேலைக்காரர்களை ஒவ்வொருவராக அனுப்புகிறார், அடித்து விரட்டுகிறார்கள், சிலரைக் கொல்கிறார்கள். கடைசியில் மிச்சமிருந்தவர் அன்பு மகன் ஒருவர்தான். அந்தக் கதையில் இறைவாக்கினர்கள் எல்லாம் வேலையாட்கள். தன்னை மட்டும் அவர் அந்த வரிசையில் சேர்க்கவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது: 'இயேசுவை கான்ஸ்டன்டைன் மன்னன் ஓட்டுப் போட்டுக் கடவுளாக்கினான்.' நிக்கேயாவில் ஆயர்களைக் கூட்டிய ரோமப் பேரரசன் அவன். படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. நிக்கேயாவுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முன்பே, 112 வாக்கில், அதே வட்டாரத்தை ஆண்ட ரோமானிய ஆளுநர் பிளினி, பேரரசன் டிராஜானுக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. எழுதியவர் கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர், அவர்களுக்குப் பரிந்து எழுத அவருக்கு என்ன தேவை? கான்ஸ்டன்டைன் கதையும் அவர்கள் சொல்கிற மாதிரி இல்லை. பிற்பாடு அத்தனாசியுஸை முதலில் நாடு கடத்தியதே அவன்தான். சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியுஸுக்கு ஆதரவாக நின்ற ஓர் ஆயரிடம். அத்தனாசியுஸ் மொத்தம் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரசன் சொன்னதற்குத் தலையாட்டியவர்களா அவர்கள்?

நேர்மையான கேள்விகளும் உண்டு. திருத்தூதர் பவுல் கொலோசையருக்கு நிருபம் எழுதும்போது கிறிஸ்துவைப் 'படைப்பனைத்திலும் தலைப்பேறு' என்கிறார். தலைச்சன் பிள்ளை என்றால் படைப்பில் முதலாவதாக உண்டானவர் என்றுதானே அர்த்தம்? அடுத்த வசனத்தைப் படித்தால் போதும்: விண்ணிலும் மண்ணிலும் உள்ள அனைத்தும் அவரால் படைக்கப்பட்டன. அந்த 'அனைத்தும்' என்ற சொல்லுக்குள் அவரை எப்படி அடக்குவது? வேதத்தில் தலைப்பேறு என்பது உரிமையையும் குறிக்கும். தாவீது அரசர் ஈசாயின் பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆனாலும் 89-ஆம் திருப்பாடல் அவரைத்தான் தலைப்பேறு ஆக்குவேன் என்கிறது. 'தந்தை என்னைவிடப் பெரியவர்' என்று இயேசு சொன்னாரே என்பார்கள். சொன்னார். கடவுள் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்று பிலிப்பியர் நிருபத்தில் இருக்கிறதே, அந்த நிலையில் நின்று சொன்னார்.

கிறிஸ்து, அதாவது மெசியா என்ற சொல்லுக்கு எண்ணெய் பூசி அபிஷேகம் பெற்றவர் என்றுதான் பொருள். சவுலும் தாவீதும்கூட அபிஷேகம் பெற்றவர்கள்தான், அவர்களை யாரும் கும்பிடவில்லை. இயேசுவின் விசாரணையில் தலைமைக் குரு மேலாடையைக் கிழித்துக்கொண்டது ஏன்? வல்லவராகிய கடவுளின் வலப்புறம் அமர்ந்து வானத்து மேகங்களோடு வருவேன் என்றாரே, அதற்காக. ஒரே கடவுள் என்று காலையும் மாலையும் அறிக்கையிடுகிற யூத மண்ணில், உயிர்த்தவரைப் பார்த்துச் சீடர் தோமையார் "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்றார். இயேசு அதைத் திருத்தவில்லை.

நம் ஆட்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மேன்மையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சாமியை ஏளனம் செய்து பதிவு போடுகிறவர்களே, யோவான் 13-ஐ எடுத்துப் படியுங்கள். தந்தை எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்று இயேசு அறிந்திருந்தார் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவர் எழுந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் காலைக் கழுவினார் என்று எழுதியிருக்கிறது. எல்லாம் இருந்த கையில் அன்றைக்கு இருந்தது, காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸின் காலும்தான். அந்தக் கையைக் கும்பிடுகிற நாம் ஆச்சி வீட்டு வாசலில் எப்படி நிற்க வேண்டும்?

ஆச்சி, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. உங்கள் சாமி அறையில் மாதாவுக்கு இடம் கொடுத்த உங்கள் மனசு எனக்குப் பெரிது. ஆனால் எங்கள் இயேசு மகான் இல்லை, பலரில் ஒருவரும் இல்லை. படைத்தவரே வந்தார் என்று நம்புகிறோம். அடுத்த முறை காபி குடிக்கும்போது மழுப்பாமல் இதையே சொல்கிறேன். நீங்கள் என்ன கேட்டாலும் உட்கார்ந்து பேசுவோம்.

பிரமாணத்தில் 'உடல் எடுத்து மனிதர் ஆனார்' என்ற இடம் வரும்போது எல்லாரும் தலை வணங்குவோம். கிறிஸ்துமஸ் ராத்திரி பூசையிலோ முழங்கால் போட வேண்டும். குத்துக்கால் இட்டே வேலை பார்த்து அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. கடைசி வருடம் வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன். விலக்கிவிட்டு, ஒரு உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, மெதுவாக இறங்கினார்.