கையை எண்ண வேண்டாம், தலையை எண்ணுங்கள்

பிள்ளைகளுக்கான கிறிஸ்தவக் கோடைப் பகல் முகாமில் கவுன்சலராக, அதாவது ஒரு குழுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவாக, இது எனக்கு ஆறாவது கோடை. போன வாரம்தான் முடிந்தது. தொண்டை இன்னும் சரியாகவில்லை. ஆனால் எழுத வந்தது தொண்டையைப் பற்றி அல்ல, நான்காம் நாளைப் பற்றி.

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முதல் மூன்று நாளும் ஆக்‌ஷன் பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை, மனப்பாட வசனம் என்று ஓடிவிடும். நான்காம் நாள் 'அழைப்பு'. விளக்கைக் குறைப்பார்கள். கீபோர்டில் மெல்லிசாக ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க, யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். இயேசுவை உள்ளத்துல ஏத்துக்க விரும்புறவங்க மட்டும் கையைத் தூக்குங்க" என்று ஒருவர் சொல்வார். ஓரமாக நிற்கும் நாங்கள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு எண்ண வேண்டும். அந்த எண் அறிக்கையில் ஏறும். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும். சபை ஸ்தோத்திரம் சொல்லும்.

நானும் விசுவாசிதான். பிள்ளைகளுக்கு இயேசுவைச் சொல்லக்கூடாது என்று நினைத்தால் லீவு போட்டுவிட்டு வெயிலில் விசில் ஊதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தக் கைகளை எண்ணுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

என் இரண்டாவது வருடம், ஏழு வயதுப் பையன்கள் குழு. அழைப்பு நேரத்தில் ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான். அதுவும் எவ்வளவு வேகமாக! எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்ததும் அவன் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டேன்: "தம்பி, எதுக்குக் கை தூக்குனே?"

"அக்கா, ஒண்ணுக்கு வருது."

அவனையும் சேர்த்துத்தான் அன்று எண்ணிக் கொடுத்திருந்தேன். திருத்தவும் இல்லை. இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

அதற்காக மற்ற பிள்ளைகள் எல்லாரும் சும்மா தூக்குகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு, ஏழு வயதில் ஒரு பிள்ளைக்கு மூன்று நாளாகத் தன் ஷூ லேஸைக் கட்டிவிட்ட அக்காவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்றுதான் இருக்கும். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கும். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாலும் நிற்கும். அதில் பொய் எதுவும் இல்லை, அந்த வயது அப்படி. அதை எண்ணி எழுதி மேடையில் வாசிப்பது யார் என்பதுதான் கேள்வி.

நாங்கள் நாள் முழுக்க எண்ணுவது வேறொன்றை. தலைகளை. ஹாலில் இருந்து மைதானத்துக்குக் கிளம்பும்போது பதினொன்று. மைதானத்தில் நுழைந்ததும் பதினொன்று. தண்ணீர் குடித்துத் திரும்பினால் பதினொன்று. தூக்கத்திலும் எண்ணுவேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். ஒரு நாள் பத்துதான் வந்தது. நான்கு நிமிடம் இருக்கும். பொம்மலாட்டத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையுறைப் பொம்மைக்கு அந்த நாள் வசனத்தைச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தான் அவன். எனக்கு முழங்கால் நடுக்கம் நிற்க மதியம் ஆனது. பன்னிரண்டு வயது இயேசு கூட்டத்தோடுதான் வருகிறார் என்று நினைத்து, யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் பயண தூரம் நடந்தே போய்விட்டார்கள், பிறகு மூன்று நாள் கழித்து தேவாலயத்தில் கண்டுபிடித்தார்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். கவுன்சலர் பயிற்சியில் முதலில் வாசிக்க வேண்டிய பகுதி அதுதான் என்பேன்.

கைவேலையில் ஒரு விஷயம். ஐந்து நிற மணி கோத்த கயிறு பல முகாம்களில் உண்டு. கறுப்பு பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை சுத்தமான இருதயம், பொன் பரலோகம், பச்சை வளர்ச்சி. இதன் வேர் 1866இல் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் செய்த ஒரு பிரசங்கத்தில் இருக்கிறது. அவர் சொன்னது மூன்று நிறம்தான்: கறுப்பு, சிவப்பு, வெள்ளை. மற்றவை பின்னால் சேர்ந்தவை. போன வருடம் இதைச் சொல்லிக் கொடுத்து முடித்தேன். ஒரு சின்னப் பெண் கறுப்பு மணியை எடுத்துத் தன் முன்கையில் வைத்துப் பார்த்தாள். நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள். பிறகு அதை மேசையிலேயே வைத்துவிட்டு மற்ற நான்கு மணிகளை மட்டும் கோத்துக் கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைய அறிக்கையில் 'கைவேலை: அனைவரும் முடித்தனர்' என்று இருக்கிறது. அதற்குப் பிறகு நான் நிறத்துக்குப் பொருள் சொல்வதை விட்டுவிட்டேன். மணி வேண்டுமா, பிடித்த நிறத்தில் கோத்துக்கொள்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. முகாம் தொடங்கும் முன் எங்களுக்குப் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதே. பாத்ரூமுக்குக் கூட்டிப்போனால் இரண்டு பெரியவர்களாகப் போ. ஒரு பிள்ளை உன்னிடம் ஏதாவது சொல்ல வந்தால், 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதே. அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல். பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறோம்: 'ரகசியமா வெச்சுக்கோ'ன்னு எந்தப் பெரியவர் சொன்னாலும் அம்மா அப்பாகிட்ட வந்து சொல்லிடணும். இதையெல்லாம் திங்கட்கிழமை சொல்லிவிட்டு, வியாழக்கிழமை விளக்கைக் குறைத்து, கண்ணை மூடு, யாரும் பார்க்க வேண்டாம் என்கிறோம்.

இரண்டு வருடம் முன்பு மாலை வாசலில் ஒரு அம்மா என்னைக் கேட்டார்: "கண்ணை மூடச் சொல்லி என் பொண்ணுகிட்ட என்னம்மா கேட்டீங்க?" அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளை பத்திரமாக இருக்கட்டும் என்று அனுப்பியவர். குரலில் கோபம்கூட இல்லை. நான் ஏதோ உளறினேன். பதிவுப் படிவத்தில் ஒவ்வாமைக்கு இடம் இருந்தது, டி-சர்ட் அளவுக்கு இடம் இருந்தது. 'இப்படி ஒரு அழைப்பு கொடுப்போம்' என்ற ஒரு வரி இல்லை.

'நான் எட்டு வயசுல முகாம்லதான் ஒப்புக்கொடுத்தேன், இன்னைக்கும் நிக்கிறேன்' என்று கமெண்டில் சிலர் வருவீர்கள். நம்புகிறேன், அப்படிப்பட்டவர்கள் எனக்கும் தெரியும். அவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கதை சொன்ன அண்ணனின் பெயர் ஞாபகம் இருக்கிறது, விழுந்தபோது மருந்து போட்ட அக்கா ஞாபகம் இருக்கிறது. அந்த வருடம் எத்தனை கை எழும்பியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் முகாம் மாதிரி விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சபைகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் தொடக்கத்தைச் சொல்லும்போது 1898இல் நியூயார்க்கில் ஹாஸ் அம்மையார் நடத்தியதைச் சொல்வார்கள். பள்ளி இல்லாத நாட்களில் தெருவில் சுற்றிய பிள்ளைகளுக்காக அவர் வாடகைக்குப் பிடித்தது ஒரு பீர் கடையை! எனக்கு அந்தப் பீர் கடை ரொம்பப் பிடிக்கும். முதலில் பிள்ளைகளுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிள்ளை தானாக வந்து கேட்டால் பேசலாம், ஜெபிக்கலாம், வெளிச்சத்தில், இன்னொருவர் பார்க்கும் இடத்தில். அன்று மாலையே பெற்றோரிடம் சொல்லலாம். எண்ண வேண்டிய தேவை எங்கே வருகிறது?

இந்த வருடம் அறிக்கையில் கை எண்ணிக்கை எழுதும் கட்டத்தில் வெறும் கோடு போட்டுக் கொடுத்தேன். பொறுப்பாளர் அண்ணன் போன் பண்ணினார். "என்னம்மா, உன் குரூப்புல ஒருத்தர்கூட இல்லையா?"

"பதினொரு பேர் வந்தாங்கண்ணா. அஞ்சு நாளும் பதினொரு பேரும் பத்திரமா வீட்டுக்குப் போனாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, வைக்கிறேன்" என்றார். அடுத்த கோடைக்குக் கூப்பிடுவாரா தெரியவில்லை. விசிலை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.