ஒன்றுமே கேட்காமல் விலை சொல்கிறவருக்கு அட்வான்ஸ் போடாதீர்கள்

"கல்முனையில இருந்து கல்லடிக்கா? பிரச்சினையில்ல, வண்டி வரும். அட்வான்ஸைப் போட்டு விடுங்க."

வீட்டுச் சாமான் ஏற்ற லொறி பேசினால் நம்மட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான் கதை. எத்தனை அலுமாரி, எந்த மாடி, ஒழுங்கைக்குள் லொறி திரும்புமா, ஏற்றி இறக்க ஆள் யார் பிடிப்பது, எதையும் கேட்கமாட்டார்கள். ஏற்றுகிற நாளில் வருகிற சண்டை இந்தக் கேட்காத கேள்விகளில் இருந்துதான் தொடங்குகிறது. ட்ரைவரைத் திட்டுகிறோம். அவருக்கு முகவரியே காலையில்தான் கிடைத்திருக்கும். போனில் விலை சொல்லிக் காசு வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

முதலில் வண்டியின் அளவு. பட்டா என்கிற சின்ன லொறியில் சாமான் ஏற்றுகிற தட்டு 7 அடி நீளம், அகலம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு, முக்கால் தொன் வரைதான் கணக்கு. ஒரு அறைச் சாமானுக்குப் போதும். இரண்டு அறை, ஹோல், குசினி என்றால் பதினாலரை அடி லொறி தேவை. அதைப் பேசிவிட்டுப் பத்தரை அடியை அனுப்பி, "ரெண்டு நடையா அடிப்பம்" என்பார்கள். அந்த இரண்டாம் நடைக் காசை யார் கொடுப்பது? கிலோமீற்றர் கணக்கு உங்கள் வாசலில் இருந்தா, அவர் வண்டி நிற்கிற இடத்தில் இருந்தா? வெறும் வண்டியாகத் திரும்புவதற்கும் காசா? காத்து நிற்கிற மணித்தியாலத்துக்கு எவ்வளவு? இந்த நாலுக்கும் பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். குரல் பதிவு வேண்டாம், பிறகு தேடி எடுக்கவே ஏலாது.

சொன்ன நாளில் வண்டி வராததற்கு நம்மட மாவட்டங்களில் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது: நெல்லு. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை, ஓகஸ்ட் பக்கம் சிறுபோகம். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, படுவான்கரை எங்கும் லொறிகள் வயலுக்கும் மில்லுக்கும் ஓடும். மூட்டைக்கு மாடிப்படியும் இல்லை, உடைகிற கண்ணாடியும் இல்லை. அதனால் வீட்டு ஹயரைத்தான் முதலில் வெட்டுவார்கள். "வண்டி பழுது" என்று போன் வரும். நெல்லுக்கு ஓடுவது அவர் பிழைப்பு, அதில் குறை இல்லை. ஆனால் முதல்நாள் பின்னேரத்துக்குள் சொல்லி, அட்வான்ஸை முழுதாகத் திருப்ப வேண்டும். அதையும் அந்த மெசேஜிலேயே போட்டு விடுங்கள்.

அடுத்தது தட்டு. வாழைச்சேனையில் மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் தண்ணீர் பலகை இடுக்கில் ஊறிக் கிடக்கும். மெத்தையில் அந்த மணம் ஏறினால் எத்தனை வெயிலில் போட்டாலும் லேசில் போகாது. காலையில் கழுவிக்கொண்டு வந்தால் ஈரத்தில் இன்னும் மோசம். முதல்நாளே கழுவிக் காயவைத்து, தட்டும் நம்பர் பிளேட்டும் தெரிய ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை, மழைக்கு மூடுகிற படங்கு இல்லாத வண்டியைப் பேசவே வேண்டாம். இரண்டு படங்கு போட்டால் முன்பக்கத்துப் படங்கின் ஓரம் பின்னதன் மேலே வர வேண்டும். மாறிப் போட்டால் ஓடுகிற ஓட்டத்தில் காற்று தூக்கி, மழை உள்ளே இறங்கும். மெலமைன் அலுமாரியின் அடிப்பலகை நனைந்தால் ஊதிவிடும், பிறகு ஆணி பிடிக்காது. கதவைக் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். பிறிட்ஜ் நிமிர்ந்தே போகட்டும். படுக்க வைத்தே ஆகவேண்டி வந்தால், இறக்கியபின் சில மணித்தியாலம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பிளக் போடுங்கள், கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும். காஸ் சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி நிமிர்த்திக் கட்டுங்கள்.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்ற பேச்சை நம்பி இருக்காதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஏற்றிய சாமானுக்கு ஒரு சதமும் தராது. ஏற்ற முன்பே பெரிய சாமான்களைப் படம் எடுங்கள். மிச்சக் காசு, இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு. உடைந்தால் ட்ரைவர் நிற்கும்போதே படம் எடுத்து, முதலாளிக்கு அங்கிருந்தே அனுப்புங்கள்.

அவர் போனை எடுக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்குப் பேசலாம். போனில் சொன்னதோடு நிறுத்தவேண்டாம், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். சின்னத் தொகை என்றால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபையும் இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது அந்த வட்ஸ்அப் மெசேஜைத்தான்.