ஃபியூராவோட கோபத்த இப்படி ஒதுக்காதீங்க

உங்க கட்டுரையில அலஸ்டேர் ரெனால்ட்ஸ் எழுதுன ‘ரிவெஞ்சர்’ நாவல சின்னப்பசங்களுக்கான விண்வெளிக் கொள்ளைக்காரக் கதைன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, மனசுக்கு கஷ்டமாயிடுச்சு. 2017ல இளையோர் பிரிவுல, அறிவியல் புனைகதைக்குக் குடுக்குற லோக்கஸ் விருது வாங்குன புக்குங்க அது. அக்கா அட்ரானாவ போசா சென்னென்ங்கிற கொள்ளைக்காரி தூக்கிட்டுப் போனதும் தங்கச்சி ஃபியூரா பழிவாங்கக் கிளம்புறா, ஆனா போகப்போக அவளே கொஞ்சம் கொஞ்சமா அந்தக் கொள்ளைக்காரி மாதிரி இறுகிப்போறா பாருங்க, அவளுக்கு வர்ற அந்தத் தகரக் கை, அவ தோலுக்கடியில மினுங்குற வெளிச்சம், படிக்கிறப்ப வயித்தப் பிசைஞ்சுது. அப்புறம் கதையில வர்ற விண்வெளிப் பாய்மரக் கப்பலும் வெறும் கற்பனை இல்ல, பாய் மேல வெளிச்சம் பட்டுத் தள்ளுறதுலயே ஓடுறது, ஜப்பான்காரங்க 2010ல இகாரோஸ்னு நெசமாவே அப்படி ஒரு விண்கலத்த அனுப்புனாங்களே. எழுதுன ரெனால்ட்ஸும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துல வேலை பார்த்தவருதான். பத்தாவது படிக்கிற என் பொண்ணு இப்ப ரெண்டாம் பாகத்துல இருக்கா, சாப்பிடக் கூப்பிட்டா காதுலயே விழல.