நெகட்டிவ்வைக் காட்டுகிறேன் என்றால் ரா ஃபைல் எங்கே என்கிறார்கள்

ஒரு புகைப்படச் சங்கத்தின் போட்டிக்கு ஃபிலிமில் எடுத்த யானைமலைப் படத்தை அனுப்பினேன், நடுவர் குழு ஏற்க மறுத்து எழுதிய பதிலின் ஸ்கிரீன்ஷாட்டை இதற்குள் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். இன்பாக்ஸில் வந்து துக்கம் விசாரித்தவர்களுக்கு நன்றி. சங்கத்தின் பெயரை நான் போடவில்லை, தெரிந்தவர்களும் கமெண்டில் போட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கும் சிலரோடு நான் இன்னும் டீ குடிக்க வேண்டியிருக்கிறது.

ரா ஃபைல், அதாவது டிஜிட்டல் கேமரா பதிந்த மூலக் கோப்பை அனுப்பு, இல்லையென்றால் படத்தைப் பார்க்க மாட்டோம் என்றார்கள். ஐயா, இது ஃபிலிம், ரா ஃபைல் கிடையாது, 6½ × 8½ அங்குலத்தில் நெகட்டிவ் இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் என்றேன். விதியில் நெகட்டிவ் என்று இல்லையாம். அதோடு விட்டிருந்தால்கூட இந்தப் பதிவு வந்திருக்காது. படத்தில் மதுரைப் பக்கத்து யானைமலைக்கு மேலே வானம் வெள்ளையாக, ஒரு மேகம்கூட இல்லாமல் இருக்கிறதாம், அதனால் ஏஐ படமோ என்று சந்தேகமாம்!

வானம் ஏன் வெள்ளை என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். நான் பயன்படுத்துவது எக்ஸ்ரே ஃபிலிம். எக்ஸ்ரே எடுக்கும் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்த அதே ஃபிலிம்தான், சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அளவுக்கு வெட்டிக்கொள்வேன். அதற்குச் சிவப்பு தெரியாது, நீலம் அளவுக்கு மேல் தெரியும். நீல வானத்தை ஃபில்டர் போடாமல் எடுத்தால் அச்சில் வெள்ளையாகத்தான் வரும்.

இது எனக்கு மட்டும் வந்த சங்கடமும் இல்லை. இதே யானைமலையை 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி எடுத்திருக்கிறார். மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ், அதற்கும் நீலம் என்றால் வெள்ளைதான். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பல படங்களில் நெகட்டிவ்வின் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்துவிட்டார். அழகான மேகங்கள். இன்று உலகத்து அருங்காட்சியகங்கள் அவற்றைத் தொங்கவிட்டிருக்கின்றன. ஆக, நானும் இரண்டு மேகத்தை வரைந்து அனுப்பியிருந்தால் நம்பியிருப்பார்கள். வரையாமல் விட்டதுதான் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது.

உடனே ஒருவர் வருவார், "சார், நடுவர்கள் நிலைமையையும் யோசியுங்கள்" என்று. யோசிக்காமலா இருப்பேன்? 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் போரிஸ் எல்டாக்சன் ஏஐ படத்தை அனுப்பிப் பரிசுக்குத் தேர்வாகி, பிறகு அவரே வேண்டாம் என்று மறுத்தார். பயம் நியாயம்தான். ஆனால் அடுத்த வருஷமே மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் நிஜமாக எடுத்த ஃபிளமிங்கோ படத்தை வேறொரு போட்டியின் ஏஐ பிரிவில் அனுப்பிப் பரிசும் வாங்கினாரே, அதையும் சேர்த்து யோசிக்க வேண்டாமா? திரையில் பார்த்து நிஜம் எது பொய் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்பதுதானே உங்கள் கவலை? அப்படியானால், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைக் காட்டுகிறேன் என்று ஒருவன் சொல்லும்போது இனிப்பு கொடுத்து வரவேற்க வேண்டாமா நீங்கள்?

நெகட்டிவ்தான் அசல். மலையிலிருந்து வந்த வெளிச்சம் நேராகப் பட்டது அந்த ஃபிலிம் ஷீட்டில்தான். அதிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பியது நகல். நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அசலைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அசல் இல்லை என்று எழுதுகிறார்கள்.

"நெகட்டிவ்விலும் தில்லுமுல்லு உண்டே" என்பது அடுத்த கேள்வி. உண்டு! அது தெரியாமலா இருக்கிறேன்? என் பெரியப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். கூரான பென்சிலால் நெகட்டிவ்வின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்து அம்மைத் தழும்பை மறைப்பார், கண்ணுக்குக் கீழே சுருக்கத்தை எடுப்பார், ஊரில் பல கல்யாணங்களே அந்தப் பென்சிலால்தான் நடந்தன என்று பெரியம்மா கிண்டல் செய்வார். ஆனால் அந்த நெகட்டிவ்வைச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் பட்ட இடம் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். தப்பு செய்தாலும் தடம் அதன் மேலேயே இருக்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலா உதயப் படத்தையே பாருங்கள். எடுத்தது ஒரே ஒரு ஷீட், இரண்டாவது எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. ஆரம்பகால அச்சுகளில் வானம் வெளிறித்தான் இருக்கிறது. வருஷம் போகப்போக அதைக் கிட்டத்தட்டக் கறுப்பாகவே அச்சிட்டார். ஏமாற்றினாரா என்ன? அந்த ஷீட் இருக்கிறது, அதில் என்ன பதிந்தது என்று யாரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஏஐ படத்தைத் திரையில் போட்டு அதை ஃபிலிமில் எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். புத்திசாலித்தனமான கேள்விதான். அவ்வளவு மெனக்கெடுகிறவன் நேரிலேயே போய் மலையை எடுத்துவிடுவான் தம்பி, விடுங்கள்.

100 மெகாபிக்சல் கேமரா இதைவிடத் துல்லியம் என்கிறீர்களா, சரி, ஒப்புக்கொள்கிறேன், அதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஃபிலிமில் எடுப்பதைப் "பணக்காரப் பொழுதுபோக்கு" என்றார்களே, அதுதான் உறுத்துகிறது. எழுதியவர் கையில் இருக்கும் லென்ஸ் என் வண்டியைவிட விலை அதிகம். என் கேமரா ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் தேக்கிலும் பித்தளையிலும் செய்துவந்த வாகீஸ்வரி, பெரியப்பா ஸ்டூடியோவிலிருந்து வந்தது, லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் விசிறி மாதிரி மடியும் பெல்லோஸ் முழுக்க நானே ஒட்டிய ஒட்டு. ஷட்டர் கிடையாது. கறுப்புத்துணிக்குள் தலையை விட்டால் யானைமலை தலைகீழாகத் தொங்கும், ஃபோகஸ் பார்த்து, ஃபிலிம் இருக்கும் ஹோல்டரைச் செருகி, லென்ஸ் மூடியைக் கழற்றி எண்ணிக்கொண்டே நின்று மறுபடி மூட வேண்டும். இதற்கு நடுவில் ஒத்தக்கடைப் பக்கத்துப் பையன்கள் வந்து ஆதார் கார்டுக்கு போட்டோ எடுப்பீர்களா என்று கேட்பார்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை. துணிக்குள் தலையை விட்டு உள்ளே பார்த்துவிட்டு "ஏய், தலைகீழா தெரியுதுடா" என்று கத்துகிற அந்தப் பையன்களுக்கு இருக்கிற ஆர்வத்தில் கால்வாசி அந்த நடுவர் குழுவுக்கு இருந்திருந்தால் போதுமே.

வெளிநாட்டுக் கலர் ஷீட் வாங்கினால் ஒவ்வொரு ஷீட்டுக்கும் வயிறு எரியும், அதனால்தானே எக்ஸ்ரே ஃபிலிமுக்கே வந்தேன். ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்று அரசாங்க நிறுவனம் ஒன்று 1960இல் தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் கறுப்புவெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்துகொண்டிருந்தது. பெரியப்பா அலமாரி முழுக்க அந்த டப்பாக்கள்தான். அதை மூடியபோது இந்தச் சங்கத்தில் ஒருவர் ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஃபிலிம் வாழ்க என்று வருஷா வருஷம் உலகப் புகைப்பட தினமான ஆகஸ்ட் 19இல் ஸ்டேட்டஸ் மட்டும் போடுவார்கள், கூடவே பழைய கேமரா படம் ஒன்று. போன வருஷம் போட்டது என் வாகீஸ்வரியின் படம், என்னைக் கேட்காமலே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதற்கு ரா ஃபைல் இருந்ததா என்று தெரியவில்லை.

இன்று காலை இன்னொரு செய்தி. ‘சிறப்பு அனுமதி’ தருகிறார்களாம், நெகட்டிவ்வை கூரியரில் அனுப்பி வைத்தால் குழு ‘பரிசீலிக்கும்’. கூரியர்காரர் மடித்துப் பைக்குள் செருகினால் அசலும் போச்சு. அதுவும் இந்த ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு, நகம் பட்டால் கீறல் விழும். அனுப்ப மாட்டேன். வீட்டு முகவரி உங்களிடம் இருக்கிறது, நெகட்டிவ்வை வைத்துப் பார்க்க லைட் பாக்ஸும் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் வாருங்கள். வர முடியாதென்றால் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஜிபே எண் பழையதுதான்.